போனைப் பறிப்பது பாதுகாப்பு அல்ல

பாரிவாக்கம் பக்கம் ஒரு பிள்ளைக்கு இணையத்தில் ஏதாவது நேர்ந்துவிட்டது என்று தெரிந்தால் ஊர் சொல்லும் தீர்ப்பு ஒன்றுதான்: "போனைக் கையில குடுத்ததுதான் தப்பு." பூந்தமல்லி–ஆவடி சாலையோர டீக்கடையிலும் இதைத்தான் சொல்கிறார்கள், அடுக்குமாடிச் சங்கக் கூட்டத்திலும் இதைத்தான் சொல்கிறார்கள். பள்ளியில் பெற்றோர் கூட்டம் நடந்தால் மைக் பிடிப்பவர், "பிளஸ் டூ முடியிற வரைக்கும் போனைக் கண்ணுல காட்டாதீங்க" என்று அறிவுரை சொல்கிறார். பெற்றோர் தலையாட்டுகிறார்கள். அன்று மாலையே அதே பள்ளியின் வீட்டுப்பாடம் வாட்ஸ்அப் குழுவில் வந்து விழுகிறது. அதைப் பார்த்து எழுத அந்தப் பிள்ளைக்குப் போன் வேண்டும்.

பிள்ளையை இணையத்தில் காப்பாற்ற வழி போனைப் பறிப்பது, ஒளித்து வைப்பது, தெரியாமல் வேவு பார்ப்பது, அதுவும் போதாவிட்டால் அரசாங்கமே தடை போடுவது என்று பெரும்பாலோர் நம்புகிறார்கள். அக்கறையில் பிறந்த நம்பிக்கைதான். சொல்கிறவர்கள் யாரும் பிள்ளைகளுக்கு எதிரிகள் இல்லை. ஆனாலும் அது தவறான நம்பிக்கை. பலன் தராததோடு, பிள்ளையை மிரட்டுகிறவனுக்குக் கைகொடுக்கவும் செய்கிறது. இணையத்தில் சிக்கிக்கொண்ட ஒரு பிள்ளையை மீட்கும் முதல் கருவி, நடந்ததை வீட்டில் சொல்லலாம் என்கிற தைரியம். அந்தத் தைரியத்தைக் குறைக்கிற எந்த நடவடிக்கையையும் பாதுகாப்பு என்று அழைக்க என்னால் முடியாது.

முதலில் இந்த அறிவுரை யாருக்குச் சொல்லப்படுகிறது என்று பார்ப்போம். ஏரியும் வயலுமாக இருந்த பாரிவாக்கம் இன்று மனைகளாலும் அடுக்குமாடிகளாலும் நிரம்பி வருகிறது. இங்கே குடியிருப்பவர்கள் அம்பத்தூர் எஸ்டேட்டுக்கும் திருமழிசைக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் ஷிஃப்ட் வேலைக்குப் போகிறவர்கள். அப்பா காலை ஷிஃப்ட் என்றால் அம்மா பொது ஷிஃப்ட். பிள்ளை நாலரை மணிக்குப் பள்ளியிலிருந்து வரும்போது கதவைத் திறந்துவிட வீட்டில் ஆள் இல்லை. "வந்துட்டியா, சாப்பிட்டியா?" என்று கேட்க ஒரு போன் வேண்டியிருக்கிறது. அதோடு, பல வீடுகளில் ஈ.பி. பில் கட்டுவது, கேஸ் பதிவு செய்வது, ஓ.டி.பி. பார்த்துச் சொல்வது எல்லாமே எட்டாம் வகுப்புப் பிள்ளைதான். குடும்பத்தின் கணக்கு வழக்கை அதன் கையில் கொடுத்துவிட்டு, "இவளுக்கு எதுக்குப் போன்?" என்று கேட்பதில் பொருள் இல்லை. பாட்டி, தாத்தா துணை இருக்கும் வீட்டுக்கு வேண்டுமானால் அந்த அறிவுரை பொருந்தலாம். இந்த ஊரின் பெரும்பாலான வீடுகளுக்கு அது குற்ற உணர்ச்சியை மட்டுமே தருகிறது.

இனி மிரட்டல் எப்படி நடக்கிறது என்று நெருங்கிப் பார்ப்போம். இன்ஸ்டாகிராமில் ஒரு நட்புக் கோரிக்கை வருகிறது. படத்தில் பக்கத்துப் பள்ளிச் சீருடையில் ஒரு பெண். தெரிந்த பிள்ளைகள் சிலர் ஏற்கெனவே அந்தக் கணக்கைப் பின்தொடர்கிறார்கள். நான்கைந்து நாள் பள்ளிக்கூடப் பேச்சு, சினிமாப் பேச்சு. பிறகு, "இங்க வேணாம், வாட்ஸ்அப் வா" என்று இடம் மாறுகிறது. ஒரு படம் கேட்கப்படுகிறது. தயங்கினால் எதிர்ப்பக்கத்திலிருந்து முதலில் ஒரு படம் வருகிறது; அது யாருடைய படமோ. பிள்ளை ஒன்றை அனுப்புகிறது. அடுத்த நிமிடம் வருவது அந்தப் பிள்ளையின் சொந்தக்காரர்கள், நண்பர்கள் பெயர்ப் பட்டியலின் ஸ்கிரீன்ஷாட். கூடவே ஒரு வரி: "உங்க அம்மாவுக்கு அனுப்பட்டுமா?"

அந்த ஒரு வரிதான் மிரட்டுகிறவனின் முழு முதலீடு. அவனிடம் துப்பாக்கி இல்லை, ஆள்பலம் இல்லை, பெரும்பாலும் அவன் எந்த ஊரில் இருக்கிறான் என்றுகூடத் தெரியாது. அவன் நம்பியிருப்பது, இந்தப் பிள்ளை வீட்டில் சொல்லாது என்பதை மட்டும்தான். அவன் கணக்கு சரியாக வரும் வீடு எது? "ஏதாவது கேள்விப்பட்டேன், அன்னைக்கே போன் உடையும்" என்று நாள்தோறும் சொல்லப்படுகிற வீடு. அப்பாவின் கணக்கிலிருந்து ஜி-பேயில் 500 ரூபாய் போகிறது, பிறகு 2,000, பணம் இல்லையென்றால் இன்னும் படங்கள். பறிப்போம் என்ற மிரட்டலை வீடே முன்கூட்டி விடுத்துவிட்டதால், வெளியாள் புதிதாக எதையும் கண்டுபிடிக்கத் தேவையில்லை.

பொள்ளாச்சி வழக்கு இதற்குச் சாட்சி. பாதிக்கப்பட்டவர்கள் இளம் பெண்கள், கல்லூரி மாணவிகள். ஆனால் மிரட்டலின் இயக்கம் இதேதான். ஃபேஸ்புக் பழக்கத்தில் தொடங்கியது, வன்கொடுமையாகி, வீடியோவாகி, அந்த வீடியோவை வைத்துப் பறிப்பதாக வளர்ந்தது. எத்தனையோ பேர் வாய் திறக்காமல் இருந்ததுதான் அந்தக் கும்பலுக்குத் தைரியம் கொடுத்தது. 2019 பிப்ரவரியில் ஒரு பெண் வீட்டில் சொன்னார். வீடு அவர் பக்கம் நின்றது. காவல் நிலையத்துக்குப் போனது. அங்கிருந்துதான் எல்லாம் வெளியே வந்தது. நாம் பிள்ளைகளிடம் "சொல்" என்று கேட்கிற நேரத்தில் அரசு என்ன செய்தது என்பதையும் மறக்கக் கூடாது: காவல் துறை அதிகாரியே புகார் கொடுத்தவரின் பெயரை வெளியிட்டார், அரசாணையிலும் பெயர் இடம்பெற்றது. அதற்காக 25 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்க உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட வேண்டியிருந்தது. அதற்குப் பிறகும் பாதிக்கப்பட்ட பெண்கள் யாரும் சாட்சியத்திலிருந்து பின்வாங்கவில்லை. 2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை விதித்தது. அந்தத் தீர்ப்புக்கான முதல் அடி ஒரு பெண் தன் வீட்டில் வாய் திறந்தது. அவர் கையிலிருந்து போனைப் பறித்திருந்தால் இது நடந்திருக்காது. அவர் சொன்னதை நம்பியதால் நடந்தது.

பறிக்க மனமில்லாதவர்கள் அடுத்து நாடுவது வேவு. பூந்தமல்லி பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ரீசார்ஜ் கடையில் நின்றிருந்தபோது பார்த்தேன். கம்பெனிச் சீருடை, கழுத்தில் அடையாள அட்டையோடு ஒருவர் வந்தார். பூப்போட்ட கவர் போட்ட ஒரு போனைக் கண்ணாடி மேசைமேல் வைத்தார். "தம்பி, பொண்ணு போன். நான் பாக்குற மாதிரி ஏதாவது ஆப் போட்டுக் குடு. அவளுக்குத் தெரியக் கூடாது." கடைப்பையன் போனை வாங்கினான். "பாஸ்வேர்டு என்னண்ணா?" அவர் சத்தமாகவே சொன்னார்: மகளின் பெயர், பிறந்த ஆண்டு. பையன் அதை ஒரு பில் தாளின் பின்னால் எழுதி, போனோடு ரப்பர் பேண்ட் போட்டு டிராயரில் வைத்தான். டிராயரில் அப்படி இன்னும் நாலைந்து போன்கள், நாலைந்து சீட்டுகள். "சாயங்காலம் வாங்கண்ணா."

அந்தக் கடைப்பையன் யோக்கியனாகவே இருக்கலாம். அவன்மேல் எனக்குக் குறை இல்லை. ஆனால் அந்த அப்பா செய்தது என்ன? முகம் தெரியாத ஆண்களிடமிருந்து மகளைக் காப்பாற்றக் கிளம்பி, முகம் மட்டும் தெரிந்த ஓர் ஆணிடம் மகளின் எல்லாப் படங்களையும், எல்லாப் பேச்சையும், பாஸ்வேர்டோடு ஒப்படைத்துவிட்டு ஷிஃப்டுக்குப் போனார். அன்பினால்தான் செய்தார். அன்பு இருந்தும் வழி தவறு.

கடைப்பையனை விடுங்கள், அந்த ஆப்களாவது நம்பகமானவையா? பெற்றோருக்கென்று உலகெங்கும் விற்கப்பட்ட 'எம்ஸ்பை' என்ற வேவு செயலியிலிருந்து 2015, 2018, 2024 ஆகிய ஆண்டுகளில் தகவல்கள் வெளியே கசிந்தன. பிள்ளையின் ரகசியத்தைத் திரட்டி ஓரிடத்தில் குவித்து வைத்தால், அது திருடனுக்கும் ஓரிடத்தில் கிடைக்கும். ஆப் இருப்பது தெரியும் நாளில் பிள்ளை கற்றுக்கொள்வது ஒன்றே ஒன்று: அப்பா பார்க்காத போன் ஒன்று வேண்டும். தோழியின் போனில் இன்னொரு ஐடி திறக்க இரண்டு நிமிடம் போதும். அதன் பிறகு அந்த வீட்டுக்குத் தெரியும் கணக்கு வேறு, பிள்ளை வாழும் கணக்கு வேறு. பிள்ளைக்குச் சொல்லிவிட்டு, சிறு வயதில், ஃபேமிலி லிங்க் போன்ற பெற்றோர் கட்டுப்பாட்டுச் செயலிகளை வைப்பது வேறு விஷயம். அதை நான் எதிர்க்கவில்லை. தெரியாமல் வைப்பதைத்தான் எதிர்க்கிறேன்.

இந்தப் பேச்சு முழுவதிலும் விசாரிக்கப்படுவது பிள்ளைதான் என்பதைக் கவனியுங்கள். பிள்ளை எதைப் பார்த்தது, யாரோடு பேசியது, ஏன் பேசியது. குற்றம் செய்கிற பெரியவனைப் பற்றிப் பேச்சே எழுவதில்லை. நமக்குப் பக்கத்திலேயே நடந்த ஒரு வழக்கு அந்தப் பார்வையைத் திருத்த வேண்டும். 2020 ஜனவரியில் அம்பத்தூர் அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் ஓர் இளைஞர்மீது வழக்குப் பதிவானது. குழந்தைகளைப் பாலியல் கொடுமைக்கு உள்ளாக்கும் காட்சிகளைத் தன் போனில் வைத்திருந்தார் என்பது குற்றச்சாட்டு. அதை யாரும் நேரில் பார்த்துப் புகார் கொடுக்கவில்லை. இத்தகைய காட்சிகள் குறித்து இணைய நிறுவனங்கள் அனுப்பும் தகவல், தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் வழியாக மாநிலக் காவல் துறைக்கு வந்தது. தடயவியல் ஆய்வில் இரண்டு கோப்புகள் இருந்தது தெரிந்தது. பார்ப்பது மட்டும் குற்றமாகாது என்று 2024 ஜனவரி 11 அன்று சென்னை உயர் நீதிமன்றம் வழக்கை ரத்து செய்தது. குழந்தை உரிமை அமைப்புகள் உச்ச நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்தன. 2024 செப்டம்பர் 23 அன்று தலைமை நீதிபதி டி.ஒய்.சந்திரசூட், நீதிபதி ஜே.பி.பர்திவாலா அமர்வு அந்த உத்தரவை ரத்து செய்து, வழக்கைத் திருவள்ளூர் மகளிர் நீதிமன்றத்துக்கே திருப்பி அனுப்பியது. அத்தகைய காட்சிகளை வைத்திருப்பதும், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி குற்றமாகலாம் என்று விளக்கியது.

அந்தத் தீர்ப்பில் பெற்றோர் படிக்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. பாலியல் கல்வி பிள்ளைகளைக் கெடுத்துவிடும், அது மேற்கத்திய இறக்குமதி என்ற எண்ணம் தவறு என்று உச்ச நீதிமன்றம் விரிவாகவே பேசுகிறது. அந்தக் கல்வி பரவலாகக் கொடுக்கப்பட வேண்டும் என்று பரிந்துரைக்கிறது. நமக்குப் பக்கத்தில் பிறந்த வழக்கு நாட்டுக்கே சொன்ன செய்தி அது. பிள்ளையிடம் உடலைப் பற்றிப் பேசாமல் இருப்பது பிள்ளையைக் காக்காது. தன்னிடம் கேட்கப்படுவது தப்பு என்று சொல்லத் தெரியாத பிள்ளையாக அதை விட்டுவைக்கும்.

"எல்லாம் சரி, அரசாங்கம் தடை போட்டால் தீர்ந்ததே" என்கிறவர்களுக்கு வருகிறேன். தமிழ்நாடு இதை ஏற்கெனவே பார்த்துவிட்டது. பிள்ளைகளின் பாதுகாப்பைக் காரணம் காட்டி 2019 ஏப்ரல் 3 அன்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை டிக்டாக்குக்குத் தடை போட்டது. ஏப்ரல் 24 அன்று தடை விலக்கப்பட்டது. 2020 ஜூன் 29 அன்று, வேறு காரணத்துக்காக, மத்திய அரசு டிக்டாக்கைத் தடை செய்தது. பத்து நாள்கூட ஆகவில்லை, ஜூலை 8 அன்று இன்ஸ்டாகிராம் இந்தியாவில் ரீல்ஸைத் திறந்தது. செப்டம்பரில் யூடியூப் ஷார்ட்ஸ் வந்தது. பிள்ளைகள் அங்கே போனார்கள். பிள்ளைகளைத் தேடுகிறவர்களும் அங்கே போனார்கள். ஒரு செயலியின் பெயருக்குத் தடை போட்டதில் பிள்ளைகளின் பாதுகாப்பு ஓர் அடிகூட முன்னே போகவில்லை.

இப்போது எல்லோரும் காட்டும் உதாரணம் ஆஸ்திரேலியா. 16 வயதுக்குக் கீழ் சமூக ஊடகக் கணக்கு வைத்திருக்க முடியாது என்ற சட்டம் அங்கே 2025 டிசம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதே மாதம் மதுரைக் கிளையும், அப்படியொரு சட்டத்தை இங்கே யோசிக்கலாம் என்று மத்திய அரசுக்குச் சொன்னது. அதைக் கேட்டதும், "பாத்தீங்களா, கோர்ட்டே சொல்லிடுச்சு" என்றார்கள். ஆஸ்திரேலியச் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்துவிட்டுப் பேச வேண்டும். அது பிள்ளைக்கோ பெற்றோருக்கோ தண்டனை கொடுக்கவில்லை. பொறுப்பை நிறுவனங்கள்மேல் வைக்கிறது, மீறினால் 4.95 கோடி ஆஸ்திரேலிய டாலர் வரை அபராதம். நம் ஊரில் அந்தச் சட்டத்தைக் காட்டி நடப்பது நேர் எதிர்: நிறுவனம் பத்திரமாக இருக்கிறது, பிள்ளை கையிலிருந்து போன் பிடுங்கப்படுகிறது. அதோடு, வாட்ஸ்அப் போன்ற தகவல் செயலிகளுக்கும் ஆன்லைன் விளையாட்டுகளுக்கும் அந்தத் தடையில் விலக்கு உண்டு. மேலே சொன்ன மிரட்டல் போய் முடிவது வாட்ஸ்அப்பில்தான். ஃப்ரீ ஃபயர் டைமண்ட் வாங்கித் தருகிறேன் என்று தொடங்கும் பழக்கம் விளையாட்டுக்குள்தான். அதே சட்டத்தை அப்படியே இங்கே கொண்டுவந்தாலும் அந்த இரண்டு வாசலும் திறந்தே இருக்கும். மதுரைக் கிளையும், சட்டம் வரும்வரை விழிப்புணர்வு வேலையைத் தீவிரப்படுத்தச் சொன்னது. அந்தப் பாதியை யாரும் மேடையில் சொல்வதில்லை.

பறிப்பு எல்லாப் பிள்ளைகள்மீதும் சமமாக விழுவதில்லை. ஏதோ ஒரு செய்தி டிவியில் வந்தால் முதலில் போன் போவது வீட்டுப் பெண்பிள்ளைக்கு. பையனுக்கு, "பாத்து நடந்துக்கோடா" என்பதோடு சரி. இந்தியக் கிராமப்புறங்களில் எடுக்கப்பட்ட 2024ஆம் ஆண்டின் 'அசர்' ஆய்வு, ஸ்மார்ட்போன் பயன்படுத்தத் தெரிந்த 14–16 வயதினரில் சொந்தப் போன் வைத்திருக்கும் பையன்கள் 36.2 சதவீதம், பெண்பிள்ளைகள் 26.9 சதவீதம் என்கிறது. சமூக ஊடகம் பயன்படுத்துகிறவர்களில் ஒரு கணக்கை பிளாக் செய்யவோ புகார் செய்யவோ தெரிந்தவர்கள் 62 சதவீதம். தன் கணக்கைப் பிறர் பார்க்காமல் மூடிவைக்கத் தெரிந்தவர்கள் 55.2 சதவீதம். அதாவது, பத்தில் நான்கு பிள்ளைக்கும் மேல் கதவைத் தாழ்ப்பாள் போடத் தெரியாமலேயே உள்ளே இருக்கிறார்கள். அதிலும் பெண்பிள்ளைகளே பின்தங்கி இருக்கிறார்கள். போனைத் தொடவிடாமல் வளர்த்தால் இந்தத் தாழ்ப்பாளை எப்போது கற்றுக்கொள்வது? கல்லூரி ஹாஸ்டலுக்குப் போய், தனியாக, யாரையும் கேட்க முடியாத இடத்திலா?

இணையம் பிள்ளைகளுக்கு ஆபத்து மட்டும்தான் என்பதும் உண்மை அல்ல. 2021 மே மாதம் சென்னை கே.கே.நகரில் ஒரு பெரிய பள்ளியின் ஆசிரியர்மீது மாணவிகள் சொன்ன புகார்கள் எங்கே வெளிவந்தன? இன்ஸ்டாகிராமில். ஆண்டுக்கணக்கில் வகுப்பறைக்குள் அடங்கிக் கிடந்த பேச்சு, முன்னாள் மாணவிகள் அங்கே ஒருவரையொருவர் கண்டுகொண்ட பிறகே வெளியே வந்தது, ஆசிரியர் கைதானார். அதைத் தொடர்ந்து மற்ற பள்ளிகளின் மாணவிகளும் பேசினார்கள். அங்கே ஆபத்து, பெற்றோர் நம்பிப் பணம் கட்டி அனுப்பிய பள்ளிக்குள் இருந்தது. பேச இடம் கிடைத்தது போனில். போக்சோ வழக்குகளில் குற்றம் சாட்டப்படுகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் பிள்ளைக்கு ஏற்கெனவே தெரிந்தவர்கள் என்பதை அரசின் குற்றப் புள்ளிவிவரங்கள் ஆண்டுதோறும் காட்டுகின்றன. போனை மூடிவிட்டால் ஆபத்து வெளியே நின்றுவிடும் என்று நினைப்பவர்கள் இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

"அப்போ அவிழ்த்து விட்டுடலாமா?" என்று கேட்பார்கள். இல்லை. பாரிவாக்கம் சந்திப்பில் லாரியும் கம்பெனி பஸ்ஸும் போகிற சாலையைப் பிள்ளை கடக்க வேண்டும். அதற்காக யாரும் பிள்ளையை வீட்டில் பூட்டுவதில்லை. சிறு வயதில் கையைப் பிடித்துக் கடக்க வைக்கிறோம்; பிறகு பக்கத்தில் நடக்கிறோம்; பிறகு தனியே அனுப்புகிறோம். வேகத்தடை வை, சிக்னல் போடு என்று கேட்கவும் செய்கிறோம். பிள்ளைக்கும் கற்றுக்கொடுத்து, சாலையையும் திருத்தச் சொல்கிறோம். இணையத்துக்கும் அந்த இரண்டு வேலையும் வேண்டும்.

வீட்டிலிருந்து தொடங்குவோம். பத்து வயதுக்குள் இருக்கும் பிள்ளைக்குத் தனிப் போன் வேண்டியதில்லை; பெரியவர் போனில், கூடத்தில், பெரியவர் பக்கத்தில் இருக்கப் பார்க்கட்டும். இரவு பத்து மணிக்கு மேல் வீட்டில் உள்ள எல்லாப் போனும் கூடத்தில் சார்ஜில் கிடக்கட்டும். அப்பா போனும் அம்மா போனும் சேர்த்து. பிள்ளைக்கு மட்டும் விதி என்றால் அது தண்டனை. எல்லோருக்கும் விதி என்றால் அது வீட்டுப் பழக்கம்.

பிள்ளையோடு உட்கார்ந்து செட்டிங்ஸைத் திறங்கள். தெரியாவிட்டால் பிள்ளையையே காட்டச் சொல்லுங்கள். அந்தப் பேச்சே பாதி வேலை. இன்ஸ்டாகிராம் 2025 பிப்ரவரியில் இந்தியாவுக்குப் பதின்வயதினர் கணக்கைக் கொண்டுவந்திருக்கிறது. பிள்ளை சரியான பிறந்த தேதியைக் கொடுத்திருந்தால் கணக்கு தானாகவே மூடிய கணக்காக இருக்கும். 16 வயதுக்குக் கீழ் உள்ளவர் அந்தக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தப் பெற்றோர் அனுமதி வேண்டும். பல பிள்ளைகள் வயதைக் கூட்டிப் போட்டிருப்பார்கள். அதைத் திட்டாமல் திருத்துங்கள். வாட்ஸ்அப்பில் தெரியாதவர் குழுவில் சேர்க்க முடியாதபடியும், தெரியாத எண்ணின் அழைப்பு ஒலிக்காதபடியும் மாற்றலாம். ரகசியமாக வைக்கச் சொல்கிறவர், வேறு ஆப்புக்கு அழைக்கிறவர், படம் கேட்கிறவர், சும்மா பரிசு கொடுக்கிறவர்: இந்த நான்கு பேரைப் பற்றியும் பெயர் சொல்லிப் பயமுறுத்தாமல் பேசுங்கள். உங்கள் ஸ்டேட்டஸையும் பாருங்கள். பள்ளி முதல் நாள், சீருடையில், பேட்ஜ் தெரிய, வேன் எண் தெரியப் பிள்ளையின் படத்தை ஊருக்குக் காட்டுவது பெரும்பாலும் நாம்தான்.

இவை அனைத்தையும்விடப் பெரியது ஒரு வாக்கு. "யார் என்ன அனுப்பினாலும் சரி, நீ என்ன அனுப்பியிருந்தாலும் சரி, எந்நேரமானாலும் என்கிட்ட சொல்லு. அடிக்க மாட்டேன். போனைப் பிடுங்க மாட்டேன்." இதை ஒருமுறை சொன்னால் போதாது, பிள்ளை நம்பாது. மதிப்பெண் குறைந்ததைச் சொன்னபோது, தொலைத்த 50 ரூபாயைச் சொன்னபோது நீங்கள் எப்படி நடந்துகொண்டீர்கள் என்பதை வைத்துத்தான் பிள்ளை இந்த வாக்கை எடைபோடும். சின்ன விஷயத்துக்கு அறை வாங்கிய பிள்ளை பெரிய விஷயத்தைச் சொல்லாது.

சொல்லிவிட்டது என்றால், முதல் வேலை பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைப்பது. "நீ சொன்னது நல்லது" என்பதைத் தவிர அந்த இரவு வேறு எதுவும் பேச வேண்டாம். பணம் அனுப்பாதீர்கள், ஒருமுறை கொடுத்தால் மறுபடி கேட்பான். பேச்சை அழிக்காதீர்கள், கணக்கின் பெயர், எண், தேதி தெரியும்படி மிரட்டல் செய்திகளை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். பிள்ளையின் படத்தை மட்டும் யாருக்கும், மாமாவுக்கோ சித்தப்பாவுக்கோ காட்டக்கூட, அனுப்பாதீர்கள், அதுவே குற்றம். 1930 சைபர் குற்ற உதவி எண், 1098 குழந்தைகள் உதவி எண், பள்ளி சம்பந்தப்பட்டது என்றால் 14417. 2022 ஜனவரியில் ஆவடி மாநகரக் காவல் ஆணையரகம் வந்த பிறகு சைபர் குற்றப் புகாருக்கு நாம் சென்னை வரை அலைய வேண்டியதில்லை. படம் பரவாமல் தடுக்க 'டேக் இட் டவுன்' என்ற இலவச சேவை இருக்கிறது. படத்தை யாருக்கும் அனுப்பாமலேயே அதன் டிஜிட்டல் அடையாளத்தை மட்டும் கொடுத்து, அதில் சேர்ந்திருக்கும் தளங்களில் அதை நீக்க வைக்கலாம்.

"ஸ்டேஷன் போனா மானம் போயிடும்" என்கிற பயம் எனக்குப் புரிகிறது; பொள்ளாச்சியில் நடந்ததைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பயம் நியாயம். ஆனால் சட்டம் பிள்ளையின் பக்கம் இருக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் அதைக் கேட்டு வாங்கலாம். போக்சோ சட்டத்தின் 24ஆம் பிரிவுப்படி, பிள்ளையின் வாக்குமூலத்தைப் பிள்ளையின் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ வாங்க வேண்டும். கூடுமானவரை பெண் உதவி ஆய்வாளர் வாங்க வேண்டும். அப்போது சீருடையில் வரக் கூடாது. 23ஆம் பிரிவு பிள்ளையின் அடையாளத்தை ஊடகம் வெளியிடுவதைத் தடுக்கிறது. தெரிந்தும் புகார் செய்யாமல் அமுக்குகிறவருக்கு 21ஆம் பிரிவு தண்டனை வைத்திருக்கிறது. பள்ளியின் பெயர் கெட்டுவிடும் என்று மறைக்கிற நிர்வாகியும் அதில் அடக்கம்.

இனி சாலையைத் திருத்தும் வேலை. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களைப் பின்தொடர்ந்து கண்காணிப்பதையும், அவர்களைக் குறிவைத்து விளம்பரம் காட்டுவதையும் தடுக்கிறது. மீறினால் 200 கோடி ரூபாய் வரை அபராதம். அதன் விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன. நிறுவனங்கள் முழுமையாகக் கட்டுப்பட 18 மாத அவகாசம் கொடுக்கப்பட்டது. பிள்ளைகளுக்கு அந்த அவகாசத்தை யாரும் கொடுக்கவில்லை. போனைப் பிடுங்கச் சொல்லும் அதே குரலில், இந்தச் சட்டத்தை நடைமுறைப்படுத்து, தமிழில் எழுதினால் படித்துப் பதில் சொல்லும் ஆள்களைப் புகார்ப் பிரிவில் வை என்று நிறுவனங்களையும் அரசையும் கேட்டால் பலன் இருக்கும். பெற்றோரைக் கடிந்துகொள்வது எளிது, செலவு இல்லாதது. நிறுவனத்தைக் கேள்வி கேட்பது கடினம். எளிதானதையே செய்துகொண்டு அதற்குப் பாதுகாப்பு என்று பெயர் வைத்திருக்கிறோம்.

ஆகவே, அடுத்த பெற்றோர் கூட்டத்தில் மைக் பிடிப்பவர், "போனைக் கண்ணுல காட்டாதீங்க" என்று தொடங்கினால் எழுந்து நின்று மூன்று கேள்வி கேளுங்கள். பிளாக் செய்யவும் புகார் செய்யவும் எந்த வகுப்பில் சொல்லித் தருகிறீர்கள்? ஒரு பிள்ளை உங்களிடம் வந்து சொன்னால், அடுத்த ஒரு மணி நேரத்தில் பள்ளி என்ன செய்யும்? அந்தப் பிள்ளையின் பெயர் ஆசிரியர் அறையைத் தாண்டாது என்று எழுத்தில் தருவீர்களா? பதில் இல்லாத பள்ளிக்குப் போனைப் பற்றி அறிவுரை சொல்லத் தகுதி இல்லை. வீட்டுக்கு வந்து அதே கேள்விகளை நமக்கும் போட்டுக்கொள்வோம். பிள்ளை மாட்டிக்கொண்டால் முதலில் நம்மிடம் வருமா என்பதற்கு நாம் நேர்மையாக "வரும்" என்று சொல்ல முடிந்தால், அந்த வீடு பாதுகாப்பான வீடு. முடியாவிட்டால், பீரோவில் வைத்துப் பூட்டிய போன் அந்தப் பிள்ளையைக் காப்பாற்றாது.